தாத்தா காலத்து கார் தெருவில் நிற்கிறதா? திருடு போகாமல் காப்பது எப்படி?

வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி அல்லது ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறதா? சில வருஷம் முன்னாடி வரைக்கும் "எடைக்குப் போட்டுடலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த அதே வண்டியை இன்று கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் தேடி வருகிறார்கள். பெயின்ட் அடித்து, இன்ஜின் வேலை பார்த்து, சீட் தைத்து முடிப்பதற்குள் ஒரு புது பைக் வாங்கும் பணம் செலவாகிவிடுகிறது.

ஆனால் அந்த வண்டிக்கு இருக்கும் பாதுகாப்பு என்ன? பெரும்பாலும் 1960களில் செய்த அதே சாவி, அதே பூட்டு. புது காரில் சாவிக்குள்ளேயே சிப் இருக்கிறது. சரியான சிப் இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புது கார்களுக்கு இந்த 'இம்மொபிலைசர்' கட்டாயம். பழைய காருக்கு இதெல்லாம் தெரியாது. ரெண்டு ஒயரைச் சேர்த்தால் அது யாருக்கு வேண்டுமானாலும் ஸ்டார்ட் ஆகும்.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். எந்தப் பூட்டும் திருடனை முழுசாகத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். திருடுபோன வண்டி உங்களிடம் திரும்பி வருவதும், அதற்கான பணம் கைக்கு வருவதும் நீங்கள் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் ஆவணங்களைப் பொறுத்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பூட்டுக்குச் செலவு செய்கிறார்கள், ஆவணத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வட சென்னைக்கும் பழைய வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 1948ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில்தான் அசெம்பிள் செய்தது. 1955ல் லேலண்டு பங்குதாரராக வந்த பிறகுதான் அது அசோக் லேலண்டு ஆனது. அதே 1955ல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் ஆலை அமைத்து புல்லட் தயாரிக்கத் தொடங்கியது. நகரத்தின் தெற்கு முனையில், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டையும் கெஸலையும் தயாரித்தது.

அதனால் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பழைய வண்டி என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. ஆலையில் வேலை பார்த்த தாத்தா வாங்கியது, துறைமுகத்தில் இருந்த பெரியப்பா விட்டுவிட்டுப் போனது என்று குடும்பத்தோடு ஒட்டிய வண்டிகள் அவை. அதேசமயம் இங்குள்ள பல வீடுகளுக்கு கார் நிறுத்த இடம் கிடையாது. வண்டி தெருவில்தான் நிற்கும். மெட்ரோ 2021ல் விம்கோ நகர் வரை வந்த பிறகு, காலையில் வேலைக்கு ரயிலில் கிளம்புகிறவர்களின் கார் நாள் முழுக்க அதே இடத்தில் நிற்கிறது.

கடல் காற்றின் உப்பு பூட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. எண்ணூர், மணலி பக்கத்துத் தூசி ஒரே வாரத்தில் வண்டி மேல் படிந்துவிடுகிறது. தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கும் கார், "என்னை யாரும் கவனிக்கறதில்ல" என்று தெருவுக்கே சொல்வது மாதிரி. திருட வருகிறவன் முதலில் தேடுவது அதைத்தான்.

பழைய காரைத் திருடுவது ஏன் சுலபம்?

நான்கு காரணங்கள்.

ஒன்று, கதவு. அம்பாசிடரிலும் பத்மினியிலும் முன்கதவில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதன் கொக்கி தளர்ந்திருந்தால் வெளியிலிருந்தே நெம்பி, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்துவிடலாம்.

இரண்டு, இக்னீஷன். பழைய ஸ்விட்ச் வெறும் ஆன்-ஆஃப் வேலைதான் செய்கிறது. மெக்கானிக் பாஷையில் 'டைரக்ட்' பண்ணினால் போதும், சாவியே தேவையில்லை. சில பழைய மாடல்களில் ஸ்டார்ட்டருக்குத் தனிக் குமிழே உண்டு.

மூன்று, ஸ்டீயரிங் லாக். பல பழைய கார்களில் அது கிடையவே கிடையாது. நியூட்ரலில் போட்டு நாலு பேர் தள்ளினால் வண்டி சத்தமில்லாமல் தெருமுனைக்குப் போய்விடும். பட்டப்பகலில் பழைய காரைத் தள்ளிக்கொண்டு போனால் யாருக்கும் சந்தேகமும் வராது. "பாவம், ஸ்டார்ட் ஆகல போல" என்று ஒருவர் வந்து கூடத் தள்ளிவிட்டும் போவார்!

நான்கு, பாகங்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரபாரா ஆலை 2014ல் நின்றதோடு அம்பாசிடர் உற்பத்தி முடிந்தது. பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஹெரால்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பெனி பாகம் கிடைக்காத வண்டியின் ஒரிஜினல் கிரில், ஹெட்லைட் ரிம், மீட்டர், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. முழு வண்டியை விற்பதைவிட, கழற்றி விற்பது திருடனுக்குப் பாதுகாப்பானது. வண்டி ஒருமுறை பாகங்களாகிவிட்டால் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

பூட்டுகள்: எது வேலை செய்யும், எது செய்யாது?

ஒரே பெரிய பூட்டைவிட, வேறு வேறு விதமான மூன்று சின்னத் தடைகள் மேல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி நேரம் வேண்டும். ஸ்டார்ட் ஆகாத, உருளாத, சத்தமில்லாமல் தொட முடியாத வண்டி என்றால் பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச்: பேட்டரியின் எர்த் ஒயரில் போடுவது. ஆஃப் செய்தால் வண்டியில் கரண்ட்டே இருக்காது. பழைய ஒயரிங்கில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும். ஆனால் இடம் முக்கியம். ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பானெட்டின் இரண்டு பக்கமும் வெளியே இருக்கும் கொக்கிகளை விடுவித்தால் முன்பகுதி முழுசாகத் தூக்கிக்கொள்ளும். அந்த வண்டியில் பானெட்டுக்குள் கட்-ஆஃப் வைப்பது, வாசலில் பூட்டுப் போட்டு சாவியை அதன் மேலேயே வைப்பதற்குச் சமம். உள்ளே, மறைவான இடத்தில் வைக்க வேண்டும்.

மறைவு ஸ்விட்ச்: இக்னீஷன் காயிலுக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன ஸ்விட்ச். செலவு குறைவு. டேஷ்போர்டுக்குக் கீழே எல்லோரும் கை வைக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். இது பெட்ரோல் வண்டிக்கு மட்டும்தான். டீசல் அம்பாசிடரில் காயிலே இல்லை. அங்கே டீசல் வரும் வழியை அடைக்க வேண்டும்.

ரோட்டர்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது. செலவு பூஜ்யம். இரண்டாம் உலகப்போரில், ஜெர்மன் படை இறங்கிவிடும் என்று பயந்த பிரிட்டன், ஆளில்லாமல் நிறுத்தும் கார்களை இயங்காதபடி செய்துவிட்டுப் போகச் சொன்னது. அப்போது மக்கள் செய்தது இதைத்தான். வாரக்கணக்கில் ஓட்டாத வண்டிக்கு இது அருமையான வழி. தினமும் ஓட்டுகிறவருக்குச் சரிவராது.

பெட்ரோல் அடைப்பான்: டேங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு டேப். அடைத்தால் கார்புரேட்டரில் இருக்கும் மிச்சப் பெட்ரோலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். நடுரோட்டில் நின்றுபோன திருட்டு காரை விட்டுவிட்டு ஓடுவது சகஜம்.

ஸ்டீயரிங் ராடு லாக்: கண்ணில் படும், அதுதான் அதன் பலம். பலவீனமும் உண்டு. பழைய ஸ்டீயரிங் வளையம் மெல்லியது. ரம்பத்தால் அறுத்துவிட்டு லாக்கை உருவிவிடலாம். அதனால் ஸ்டீயரிங்கையும் பெடலையும் சேர்த்துப் பிடிக்கும் வகை நல்லது.

கியர் லாக்: கடையில் கிடைக்கும் கியர் லாக்குகள் தரையிலிருந்து வரும் கியருக்குச் செய்தவை. பெரும்பாலான பத்மினிகளிலும் பழைய அம்பாசிடர்களிலும் கியர், ஸ்டீயரிங் தண்டில் இருக்கும். அங்கே இது பொருந்தாது. கான்டெஸாவுக்கும் ஹெரால்டுக்கும் அளவு பார்த்து வாங்கலாம்.

வீல் கிளாம்ப்: தள்ளிக்கொண்டு போவதையும் கட்டி இழுப்பதையும் தடுப்பது இதுதான். நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு முதல் செலவே இதுவாக இருக்கட்டும். சொந்த இடம் இருந்தால், தரையில் கான்கிரீட்டோடு ஒரு இரும்பு வளையம் பதித்து, சேஸிஸோடு சங்கிலி போட்டுவிடலாம். சங்கிலியை பம்பரில் கட்டாதீர்கள். பம்பர் ரெண்டு மூணு போல்ட்தான்.

கடலோரம் என்பதால் இன்னொரு விஷயம். மாதம் ஒருமுறை எல்லாப் பூட்டையும் திறந்து மூடி, எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்த பூட்டை வெறுப்பில் ஒருநாள் போடாமல் விடுவீர்கள். அந்த ஒருநாள் போதும். காரை மூடும் உறை காற்றுப் போகும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்து, திருடன் விட்டுவைத்ததைத் துருவுக்குக் கொடுத்துவிடும்.

ஜிபிஎஸ் போட்டால் போதாதா?

இளைஞர்கள் முதலில் கேட்பது இதைத்தான். "ப்ரோ, ஒரு டிராக்கர் போட்டா மேட்டர் ஓவர்" என்று. ஓவர் இல்லை.

முதல் சிக்கல், வோல்டேஜ். கடையில் விற்பவை 12 வோல்ட்டுக்கானவை. சில பழைய கார்களிலும் பழைய புல்லட்களிலும் 6 வோல்ட் பேட்டரிதான். இரண்டாவது, எர்த். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும், இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். தெரியாமல் இணைத்தால் டிராக்கர் புகைந்துவிடும். உங்கள் வண்டி எந்த வகை என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டே கை வையுங்கள். மூன்றாவது, ஓட்டாமல் நிற்கும் வண்டியின் பேட்டரியை டிராக்கர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்யும். பேட்டரி செத்தால் டிராக்கரும் சாகும். கட்-ஆஃப் போட்டிருந்தால் அதே நிமிஷத்தில் அணைந்துவிடும்.

அதனால் பழைய வண்டிக்குத் தனி பேட்டரி உள்ள டிராக்கர்தான் சரி. வாரம் ஒருமுறை போனில் இடம் காட்டுகிறதா என்று பாருங்கள். சிம் ரீசார்ஜ் முடிந்து மூன்று மாதமானதைத் திருட்டுக்குப் பிறகு கண்டுபிடிப்பதில் பயன் இல்லை.

நான்காவது சிக்கல் நம்ம ஏரியாவுக்கே உரியது. டிராக்கருக்கு வானமும் செல்போன் டவரும் தெரிய வேண்டும். இரும்பு கன்டெய்னருக்குள் வண்டி போய்விட்டால் இரண்டும் கிடைப்பது கஷ்டம். துறைமுகமும் கன்டெய்னர் யார்டுகளும் இருக்கும் ஊரில், எண்ணூர் விரைவு சாலையில் இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ஊரில், இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிராக்கர் தரும் முதல் அரை மணி நேரத் தகவல்தான் தங்கம். வண்டி நகர்ந்தால் உடனே போன் அலறும்படி அலர்ட் வையுங்கள்.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் ஒன்றை சீட்டுக்குள் தைத்து வைப்பவர்களும் உண்டு. பக்கத்தில் போகும் போன்கள் வழியாக அது இடம் சொல்லும். ராயபுரம் மாதிரி நெரிசலான இடத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வேறொருவரின் டேக் கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கும் எச்சரிக்கை போகலாம். அதனால் இது இரண்டாவது துணை, முதல் காவல் இல்லை.

தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால்?

ஓட்டுனர் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். முன் சக்கரத்தை ஒடித்து விடுங்கள், நேராகத் தள்ள முடியாது. வீட்டில் தினமும் எடுக்கும் வண்டி இன்னொன்று இருந்தால் அதை முன்னால் நிறுத்துங்கள். விளக்குக் கம்பத்துக்குக் கீழே, கேமரா பார்வையில் இடம் பிடியுங்கள். சென்னை போலீஸின் 'மூன்றாவது கண்' திட்டத்தால் பல தெருக்களில் கேமரா வந்துவிட்டது. ஆனால் அது இப்போதும் ஓடுகிறதா, எத்தனை நாள் பதிவு இருக்கும் என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒருமுறை கேட்டுவையுங்கள்.

எதிர் வீட்டு அக்காவிடமும் டீக்கடை அண்ணனிடமும் ஒரு வார்த்தை: "நான் இல்லாம யாராவது வண்டியத் தொட்டா, மெக்கானிக்னு சொன்னாலும், எனக்கு ஒரு போன் போடுங்க." வட சென்னைத் தெருக்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் யாராவது விழித்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத அலாரம் அது.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஹேண்டில் லாக்கை நம்பாதீர்கள். சங்கிலியை சக்கரத்தில் மட்டும் போட்டால், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஃபிரேமோடு சேர்த்து, நகராத ஒரு தூணில் கட்டுங்கள்.

இன்ஸ்டாகிராமில் போடும் முன்னால் ஒரு நொடி யோசியுங்கள். வீட்டு வாசல், தெருப் பலகை, நம்பர் பிளேட் மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டுமா? "நாலு நாள் ஊட்டி" என்று ஸ்டோரி போடுவதை ஊருக்கு வந்த பிறகு செய்யலாமே!

உண்மையான பூட்டு: ஆவணங்கள்

1964ல் வந்த 'கோல்டுஃபிங்கர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார், 1997ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு விமானக் கொட்டகையிலிருந்து காணாமல் போனது. உலகம் முழுக்கத் தெரிந்த முகம் அந்தக் காருக்கு. அப்படியும் இத்தனை வருஷத் தேடலில் அதை அடையாளம் காண நம்பியிருப்பது முகத்தை இல்லை, சேஸிஸ் எண்ணை. அது மத்திய கிழக்கில் இருக்கலாம் என்று 2021ல் செய்தி வந்தபோதும் பேச்சு அந்த எண்ணைப் பற்றித்தான்.

உங்கள் காரின் சேஸிஸ் எண் எங்கே பொறித்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து தேடுங்கள். துருவைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். இன்ஜின் எண்ணையும் எடுங்கள். இரண்டும் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் எப்போதோ இன்ஜின் மாற்றி, ஆர்சியில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால், திருடுபோன வண்டி கிடைத்தாலும் "இது உங்களுடையதுதானா?" என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பிறகு ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் படம் எடுங்கள்: கிரில், மீட்டர், விளக்குகள், ஸ்டீயரிங், சீட் துணி, பழைய வெல்டிங் தழும்பு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம். வெளியே தெரியாத இடங்களில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறியைப் பொறித்து வையுங்கள். கண்ணாடிகளில் வண்டி எண்ணைப் பொறிக்கலாம். பாகமாகப் பிரித்தாலும் அடையாளம் சொல்லும் ஒரே வழி இது.

அடுத்து, எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையா? கையால் எழுதிய பழைய ஆர்சி இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று அர்த்தம். ஆர்டிஓ அலுவலகத்தில் 'பேக்லாக்' பதிவு கேட்டு ஏற்ற வேண்டும். தாத்தா பெயரிலேயே ஆர்சி இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் உயிரோடு இல்லாத வண்டிக்குப் புகார், இன்சூரன்ஸ், கோர்ட் என எல்லா இடத்திலும் கூடுதல் அலைச்சல்.

பதிவைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு முடிந்ததும், பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது, ஜிஎஸ்டி தனி. "ஓட்டறதே இல்ல, எதுக்கு?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவு காலாவதியான வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

50 ஆண்டு தாண்டி, ஒரிஜினல் வடிவத்திலேயே இருந்தால் 'விண்டேஜ்' பதிவு பெறலாம். 2021 ஜூலையில் வந்த விதி இது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். நம்பரில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'விஏ' வரும். ஆனால் தினசரிப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று எடுக்கலாம்.

இன்சூரன்ஸ்: பெரிய ஏமாற்றம் இங்கேதான்

பழைய கார் வைத்திருக்கும் பலரிடம் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அது இருந்தால் போலீஸ் அபராதம் போடாது. ஆனால் வண்டி திருடுபோனால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. திருட்டுக்குப் பணம் வேண்டும் என்றால் சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுக் காப்பீடு வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். காப்பீட்டில் வண்டியின் மதிப்பாகப் போடும் ஐடிவி, வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக் கணக்கிடுவது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு அந்த அட்டவணை இல்லை. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் மதிப்புதான். நீங்கள் பேசாவிட்டால், லட்சக்கணக்கில் செலவு செய்த கார் காகிதத்தில் சில ஆயிரத்துக்கு இருக்கும். அதனால் ரிப்பேர் பில்கள், படங்கள், வண்டி மதிப்பீட்டாளரின் அறிக்கை எல்லாம் வைத்துப் பேசுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஆர்டிஓவுக்கு 50 ஆண்டு தாண்டினால் விண்டேஜ். இன்சூரன்ஸ் துறையின் பழைய மோட்டார் டாரிஃபில் விண்டேஜ் என்றால் 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரான கார். 1965 மாடல் அம்பாசிடர் ஒரு அலுவலகத்தில் பாரம்பரியம், இன்னொன்றில் வெறும் பழைய வண்டி! ஏஆர்ஏஐ அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனத்துக்குத் தரும் தள்ளுபடியோ சொந்தச் சேத பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். ஒரு நல்ல வீல் கிளாம்ப் வாங்கக்கூடக் காணாது. சொந்தச் செலவில் பாதுகாப்பைக் கூட்டும் உரிமையாளருக்கு இதைவிட நல்ல ஊக்கம் தர வேண்டும். பழைய வண்டி எது என்பதற்கு அரசும் இன்சூரன்ஸ் துறையும் ஒரே வரையறைக்கு வர வேண்டும்.

சாவி விஷயத்தில் கவனம். திருட்டு கிளைமுக்கு எல்லா ஒரிஜினல் சாவிகளையும் கம்பெனி கேட்கும். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சாவியை வண்டியிலேயே விட்டுப் போனதால் திருடுபோன ஒரு லாரி வழக்கில், 2023ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதத் தொகையைத் தரச் சொன்னது. முழுசாக மறுக்க முடியாது என்பது ஆறுதல், ஆனால் அலட்சியத்துக்குக் கால் பங்கு போய்விட்டது.

கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் கொடுக்கிறீர்களா?

உஷார். பூட்டை உடைக்காமலே வண்டியைக் கொண்டுபோகும் வழி இதுதான். "ரெண்டு நாள் ஷூட்டிங்", "ஒரு ரவுண்டு டெஸ்ட் டிரைவ்" என்று நீங்களே சாவியைக் கொடுத்து வண்டி திரும்பாமல் போனால், அது பெரும்பாலும் திருட்டு வழக்காகாது. நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகளுக்குப் போகும். திருட்டுக்கான காப்பீட்டை மறுக்க கம்பெனிக்கு அது ஒரு காரணம். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விட்டது இன்னொரு காரணம். வண்டியோடு நீங்களோ உங்கள் டிரைவரோ போங்கள். டெஸ்ட் டிரைவுக்கு வருபவரின் லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் உட்காருங்கள். இன்ஜின் ஓடும்போது கீழே இறங்காதீர்கள்.

காணாமல் போய்விட்டால்?

உடனே 100 அல்லது 112. பிறகு காவல் நிலையம். "இது எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவுப்படி எல்லை எதுவானாலும் தகவலைப் பதிய வேண்டும். மின்னணு முறையிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சிஎஸ்ஆர் ரசீதோடு நிற்காமல் எஃப்ஐஆர் நகல் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆர்டிஓவுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எஃப்ஐஆரை உடனே பதிந்திருந்தால், கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காட்டி கிளைமை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்காகத் தாமதிக்க வேண்டாம். ஃபாஸ்டேக் இருந்தால் அவசரப்பட்டு பிளாக் செய்யாதீர்கள். டோலைத் தாண்டினால் வரும் எஸ்எம்எஸ், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லும். அதை போலீஸிடம் கொடுங்கள், தனியாகத் துரத்திப் போகாதீர்கள்.

எடுத்து வைத்த படங்களைப் பழைய வண்டி கிளப்புகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அன்றே அனுப்புங்கள். பழைய கார் உலகம் சின்னது. ஒரு அபூர்வமான கிரில் விலைக்கு வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படும்.

வண்டி கிடைத்துவிட்டால், ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடக்க விடாதீர்கள். கைப்பற்றிய வாகனங்களை நீண்டகாலம் காவல் நிலையத்தில் வைத்திருப்பதில் பயனில்லை, உரிய உத்தரவாதம் பெற்றுக்கொண்டு சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே கூறியது. மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழை போலீஸிடம் கேளுங்கள். கிளைமுக்கு அது வேண்டும்.

கடைசியாக, நம்மைப் பற்றி

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பாகம் தேடுபவர்கள்தான். புதுப்பேட்டையில் அலைவோம், வாட்ஸ்ஆப் குழுக்களில் கேட்போம். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஆனால் எங்கேயும் கிடைக்காத ஹெரால்டு மீட்டர், பாதி விலைக்கு, பில் இல்லாமல், "எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க சார்" என்று வந்தால் என்ன செய்கிறோம்?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 317வது பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள். அந்த மீட்டர் வேறொரு தெருவில் யாரோ ஒருவரின் தாத்தா வண்டியில் இருந்ததாக இருக்கலாம். நாம் பில் கேட்க ஆரம்பித்தால் திருடனுக்குச் சந்தை சுருங்கும். முழு வண்டி வாங்கும்போது சேஸிஸ் எண்ணைப் பார்ப்பதோடு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இந்த வாரம் மூன்று வேலை: சேஸிஸ் எண்ணைப் படம் எடுப்பது, எம்பரிவாகனில் வண்டி இருக்கிறதா என்று பார்ப்பது, பாலிசியை எடுத்து அது மூன்றாம் நபருக்கானதா முழுசா என்று படிப்பது. மூன்றுக்கும் செலவில்லை. வீல் கிளாம்ப் அடுத்த சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் ரோட்டரைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.